பிளேட் (அச்சுத் தகடு) போடுவதற்கு முன்னால்

மெய்ப்பு (ப்ரூஃப்) பார்க்க உட்காருபவர்கள் பத்திக்குள் இருக்கும் பொடி எழுத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அச்சுக்கு முந்தைய வேலையில் இருக்கும் நான் முதலில் பார்ப்பது தலைப்பை. எழுத்து பெரிதாக இருந்தால், படித்துவிட்டோம் என்று நினைத்துக் கண் தாண்டிவிடும். ‘அண்டு விழா மலர்’ என்ற அட்டையில் நாலு பேர் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அச்சகத்துக்குப் போகிற அதே பிடிஎஃப்பைத் தாளில் எடுத்துப் படியுங்கள். தட்டச்சு செய்த கோப்பில் சரியாக இருந்தது லே-அவுட்டிலும் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். யூனிகோடை பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், ‘ஸ்ரீ’ சிதறும். கொ, கோ, கௌ வரிசைகளுக்காகவே ஒருமுறை எல்லாப் பக்கத்தையும் புரட்டுவேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து இருந்தால் புள்ளிகளைப் பாருங்கள். எழுத்து சிறிதானால் மை பரவிப் புள்ளி அடைந்துவிடும். பணி-பனி, கரை-கறை எல்லாம் பிழை திருத்தும் மென்பொருளுக்குச் சரியான சொற்கள்தான், அதை நம்பிப் பயனில்லை.

எண்களை ஒருவர் மூலப்படியிலிருந்து வாசிக்க, இன்னொருவர் ப்ரூஃபில் சரிபார்க்க வேண்டும். தேதிக்கு எதிரே இருக்கும் கிழமையை நாட்காட்டியில் பாருங்கள். தொலைபேசி எண்ணை ப்ரூஃபைப் பார்த்தே அழைத்துவிடுங்கள். கியூஆர் குறியீட்டையும் தாளிலிருந்தே ஸ்கேன் செய்யுங்கள்.

எனக்கு அதிகம் பயம் கடைசித் திருத்தத்தில்தான். ஒரு சொல்லைச் சேர்த்தால் வரி ஓடும், பத்தி அடுத்த பக்கம் தாவும், பொருளடக்கத்தின் பக்க எண் பொய்யாகும். அதனால் திருத்திய சொல்லை மட்டும் பார்க்காமல், பழைய ப்ரூஃபையும் புதியதையும் பக்கத்தில் வைத்து முழுப் பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘கடைசி ஃபைனல்’ என்று கோப்புகள் இருந்தால் தவறானது போய்ச் சேர்வது நிச்சயம். பெயரில் தேதியும் நேரமும் போடுங்கள்.

சிறிய எழுத்துகளெல்லாம் கறுப்பு மையில் மட்டும் இருக்கின்றனவா என்று வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். நாலு வண்ணத்தில் கலந்திருந்தால் ஓர் எழுத்தைத் திருத்த நாலு பிளேட்டும் மாற்ற வேண்டிவரும். நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்தின் ஓரம் வண்ணமடிக்கும். படம் அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), விளிம்புவரை போகும் வண்ணத்துக்கு வெட்டுக்கு வெளியே கூடுதலாக 3 மில்லிமீட்டர், நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்கு நாலால் வகுபடும் பக்கங்கள். இதையெல்லாம் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை.

‘அச்சிடலாம்’ என்ற கையெழுத்தை ஒரே ஒருவர் போடட்டும். அதன்பிறகு தெரியவரும் பிழை பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் விழும். இயந்திரம் ஓடத் தொடங்கும்போது முதல் தாளைப் பார்க்கக் கூப்பிட்டால் போங்கள்; ஆனால் அங்கே வண்ணத்தையும் மடிப்பையும் பாருங்கள், எழுத்துப்பிழை தேடாதீர்கள். அந்த நேரத்தில் இயந்திரம் நின்றால் அதுவும் பில்லில் வரும்.