பவுணோ, ரூபாயோ? ஊருக்குக் கடனட்டையோடு போகிறவர்களுக்கு

சூட்கேசுக்குள் என்ன அடுக்குவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சொக்கிலேட்டும் சென்ட்டும் போக மிச்ச இடத்தில்தான் எங்கட உடுப்பு. நான் சொல்ல வந்தது பர்சுக்குள் கிடக்கும் அட்டையைப் பற்றி. ஓர் ஆவணியில் மருமகளின் சாமத்திய வீட்டுக்கென்று, ஒன்பது வருடத்துக்குப் பிறகு லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் போனேன். அட்டை தெரிவுசெய்வதில் என்னை விழுத்த ஆளில்லை என்ற நினைப்போடுதான் விமானம் ஏறினேன்.

முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அதில் நான் பிழைவிடவில்லை. இங்கிலாந்தின் சாதாரணக் கடனட்டைகளில் பல, வெளிநாட்டில் ஒவ்வொரு முறை பாவிக்கும்போதும் 3 வீதத்துக்குக் கிட்ட வெட்டும், அனேகமாக 2.99. ஆயிரம் பவுண்ஸுக்குச் சாமான் வாங்கினால் முப்பது பவுண்ஸ் சும்மா போகும். இந்த வெட்டு இல்லாத அட்டைகளும் இருக்கின்றன. ஹலிஃபாக்ஸ் வங்கியின் கிளாரிட்டி அதில் பேர்போனது, வருடக் கட்டணமும் கிடையாது. டெபிட் காட் என்றால் ஸ்டார்லிங் வங்கியின் அட்டை. விதிகளை வங்கிகள் மாற்றிக்கொண்டே இருக்கும், ஆகவே ரிக்கெற் போடும் கிழமையில் ஒருக்கால் வாசித்துப் பாருங்கள்.

கடனட்டையை ஏ.ரீ.எம்.முக்குள் மட்டும் விடாதீர்கள். கட்டணம் இல்லை என்று போட்டிருக்கும், ஆனால் எடுத்த காசுக்கு அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். கடையில் வாங்கும் சாமானுக்குக் கிடைக்கும் தவணை நாட்கள் காசுக்குக் கிடையாது. காசுக்கு டெபிட் காட்தான். இலங்கை வங்கிகளின் இயந்திரங்கள் தங்கள் பங்குக்கும் ஒரு கட்டணம் எடுக்கலாம், அதனால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரேயடியாக எடுங்கள். பெரிய சாமானுக்குக் கடனட்டைதான் நல்லது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்ஸுக்கு மேல், 30,000 வரை விலையுள்ள பொருளில் கடைக்காரர் ஏமாற்றினால் அட்டை தந்த நிறுவனமும் பொறுப்பு. வெளிநாட்டில் வாங்கினாலும் இது செல்லும்.

திருநெல்வேலிச் சந்தையிலும் ஓட்டோவிலும் அட்டை செல்லாது என்று எழுதத் தேவையில்லை. நல்லூர்க் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க் குற்றி என்னிடம் இல்லை. ஐயாயிரம் ரூபாய்த் தாளோடு வரிசையில் நின்ற என்னைப் பின்னால் நின்ற ஆச்சி ஒருவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, முடிச்சை அவிழ்த்துக் குற்றி தந்தார்.

இனி நகைக்கடைகள் இருக்கும் கஸ்தூரியார் வீதிக்கு வருகிறேன்.

மருமகளுக்குத் தாய்மாமன் போடும் சங்கிலி, இரண்டு பவுண். அதுதான் பேச்சு. கடைக்குள் போனதும் தங்கச்சியின் கண் பதக்கத்தில் விழுந்தது. பிறகு ஒரு சோடித் தோட்டில். நான் கணக்குப் பார்ப்பது அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். “கிரெடிட் காட்டில போடுங்கோவன் அண்ணா” என்றாள். எங்கட சனத்துக்கு அட்டை என்பது அடி தெரியாத கிணறு. லண்டனில் யாரோ மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டதற்காக அல்ல. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பது அவளுக்குத் தெரியும், அதற்காக.

மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம். அட்டையைச் செருகினேன். மறுத்தது. இன்னொரு தரம். மறுத்தது. கடையில் வேறு இரண்டு குடும்பம் நின்றது. “லண்டன் காட் சில நேரம் இப்பிடித்தான் அண்ணை” என்று கடைப் பெடியன் ஆறுதல் சொன்னான், அது இன்னும் மோசம்.

நடந்தது இதுதான். யாழ்ப்பாணத்தில் திடீரென்று நகை வாங்கினால் கள்ளன் என்று வங்கியின் கணினி நினைக்கும். “இது நீங்கள்தானா?” என்று குறுஞ்செய்தி அனுப்பும். அந்தச் செய்தி போன லண்டன் சிம்மைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கழற்றி, உள்ளூர் டயலொக் சிம் போட்டுவிட்டேன். பழைய சிம் தங்கச்சி வீட்டுச் சாமித்தட்டில், திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சரி, தொலைபேசி எடுப்போம் என்றால் அட்டையின் பின்பக்கத்தில் கண்ணில் பட்டது இங்கிலாந்துக்குள் மட்டும் செல்லும் இலவச இலக்கம், இலங்கையிலிருந்து போகாது. வெளிநாட்டிலிருந்து எடுக்கும், 44இல் தொடங்கும் இலக்கத்தைத் தேடிப் பிடித்து எடுத்தால் பதினொரு நிமிடம் வாத்திய இசை. பிறகு ஒரு பெண் குரல் வந்து வணக்கம் சொல்ல, ரீலோட் முடிந்துபோனது. பெடியன் பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய்க் காசு போட்டுவந்தான். மறுபடி இசை.

இரண்டாவது தரம் வந்தது ஓர் ஆண். பிறந்த திகதி, தபால் குறியீடு எல்லாம் சரி. கடைசியாகக் கேட்டார்: தாயாரின் திருமணத்துக்கு முந்திய குடும்பப் பெயர் என்ன?

எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அம்மப்பாவின் பெயரைத்தான் அந்தக் காலத்தில் கொடுத்திருப்பேன். ‘தம்பி’ என்று முடியும் பெயர். ஆனால் எஸ்ஸில் தொடங்கினேனோ சீயில் தொடங்கினேனோ, கடைசியில் ஐ போட்டேனோ வை போட்டேனோ. ஒன்றைச் சொன்னேன், பிழை. இன்னொன்று, அதுவும் பிழை. இன்னும் ஒரு முறைதான் என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

வாயைப் பொத்திக்கொண்டு தங்கச்சியிடம் கேட்டேன். “அம்மப்பாட பேரை இங்கிலீசில எப்பிடி எழுதிறது?”

அவள் தோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். “எஸ், ஐ, இரண்டு என். கடைசியில வை. அம்மாட மரண அத்தாட்சிப் பத்திரத்தை உங்கட லோயருக்கெண்டு மொழிபெயர்ப்பிச்சு அனுப்பினது நான்தானே. அதில அப்பிடித்தான் போட்டவை.”

2000ஆம் ஆண்டு. சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக் கிடந்த காலம். லண்டனில் என் அகதிக் கேஸ் முடியவில்லை. பாதை திறந்திருந்தாலும் நான் வந்திருக்க முடியாது. அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. கேஸ் முடிந்து முதல் வங்கிக் கணக்குத் திறந்தபோது, மேசையில் கிடந்த அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் பெயரை எழுதியிருக்கிறேன். எனக்கு அது மறந்துபோயிற்று.

எழுத்தெழுத்தாகச் சொன்னேன். “நன்றி, திறந்துவிட்டோம்” என்றார்.

இயந்திரம் மறுபடி வந்தது. “பவுணோ, ரூபாயோ அண்ணை?” என்று பெடியன் கேட்டான். நான் இன்னும் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நின்றேன். தங்கச்சி எனக்காகப் பதில் சொன்னாள்: “பவுண்தான் தம்பி, இரண்டு பவுண்.” அவள் சங்கிலியின் நிறையைச் சொன்னாள். அவன் பிரித்தானிய நாணயத்தை அமத்தினான்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரே பெரிய புத்தி. எந்த நாணயத்தில் வெட்டுவது என்ற அந்தக் கேள்வி வந்தால் எப்போதும் ரூபாய். பவுண்ஸ் என்றால் மாற்று விகிதத்தைப் போடுவது உங்கள் அட்டை நிறுவனம் அல்ல, அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள். தங்கள் லாபத்தையும் சேர்த்தே போடுவார்கள். வெட்டில்லாத அட்டை என்று மூன்று கிழமை தேடி எடுத்த எனக்கு நாற்பது பவுண்ஸுக்கு மேல் போனது. இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கி நீங்களே அமத்துங்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். லண்டன் சிம்மைக் கழற்றாதீர்கள், இரண்டு சிம் போடும் போன் அல்லது இ-சிம் வைத்திருங்கள். அங்கே உங்கள் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி வருமா என்று முதலே கேளுங்கள். வங்கியின் 44 இலக்கத்தைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு வேறு வங்கிகளின் அட்டைகள் வேண்டும், இரண்டும் ஒரே பர்சில் வேண்டாம். அட்டை என்றால் மூன்று வீதம் கூட என்று கடையில் கேட்டால், அப்படி வாங்கக் கூடாது என்று இலங்கை மத்திய வங்கி அறிவித்திருப்பதைச் சொல்லிப் பாருங்கள். நகைக்கடையில் அது எடுபடாது, காசுக்கு வேறு விலை என்பார்கள்.

தங்கச்சிக்கு அந்த நாற்பது பவுண்ஸைப் பற்றிச் சொல்லவில்லை. தோட்டை அவள் வாங்கவில்லை. தொலைபேசி முடிந்த பிறகு நான் எடுக்கச் சொல்லியும், “சங்கிலி மட்டும் காணும்” என்று பெட்டியை மூடச் சொன்னாள்.

லண்டன் வந்து இறங்கிய கிழமையே வங்கிக்குப் போய் அந்த இரகசியக் கேள்வியை மாற்றலாமா என்று கேட்டேன். தாராளமாக மாற்றலாம் என்று படிவம் தந்தார்கள். படிவம் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.