ஒருத்தருக்கு ஒரு பாட்டு கொடுக்கிறது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல தையல் கடை வெச்சிருக்கேன். காலையில மிஷின்ல உட்கார்ந்தா ராத்திரி ஷட்டர் இறக்குற வரைக்கும் காதுல பாட்டுதான். நல்லதா ஒண்ணு கேட்டுட்டா அதை யாருக்காவது கொடுக்காம எனக்கு இருப்பு கொள்ளாது. சும்மா லிங்க் அனுப்பிட்டா போதும்னு நான் நினைக்கல. கொடுத்த பாட்டை அவங்க முழுசா கேக்கணும், மறுநாள் தானா இன்னொரு தடவை போடணும். அதுக்கு நான் செய்யிறதைச் சொல்றேன். இப்ப நான் கேட்டுக்கிட்டு இருக்கிற பாட்டுங்களும் கூடவே வரும்.

ஒரு நேரத்துல ஒரே பாட்டுதான் கொடுக்கணும். பத்து பாட்டைச் சேர்த்து அனுப்புனா "அப்புறம் கேக்கலாம்"னு ஓரம் வெச்சிடுவாங்க, அந்த அப்புறம் வரவே வராது. அவங்க கேக்குற நேரமும் தெரிஞ்சிருக்கணும். விடியக்காலையில காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போறவங்களுக்குக் காலையில அனுப்பி பிரயோஜனம் இல்ல. வியாபாரம் முடிஞ்சு காலை நீட்டி உட்கார்ற மத்தியானம்தான் அவங்க நேரம். கும்மிடிப்பூண்டி வண்டிக்காக கொருக்குப்பேட்டை ஸ்டேஷன்ல நிக்கிறவங்களுக்கு அந்தக் காத்திருப்பே போதும்.

அவங்களுக்கு ஏற்கெனவே பிடிச்ச ஒண்ணுல இருந்து கிளம்புங்க. என் அக்கா பையனுக்கு ராப்தான் உசுரு. அவன்கிட்ட நேரா எங்க வடசென்னை கானா பாட்டை நீட்டினா, "சித்தி, இது தாத்தா காலத்துப் பாட்டு"ன்னு எழுந்து போயிடுவான். அதனால 2021-ல வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில ஆரம்பிச்சேன். அவனுக்கு மனப்பாடமான பாட்டுதான். "இந்த ராப்புக்குள்ள ஒப்பாரி இருக்குடா, எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லு"ன்னேன். தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதைங்கள்ல இருந்துதான் ராப் பாடகர் அறிவு அதை எழுதினார்னும் சொன்னேன். அன்னிக்குத் திரும்பத் திரும்பப் போட்டான். அடுத்த வாரம், அறிவு பாடின 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து 2017-ல தொடங்கின பாட்டுக் குழு. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில. அங்கே இருந்துதான் இசைவாணிகிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். நம்ம ராயபுரத்துப் பொண்ணு. ஆம்பளைங்களே பாடிக்கிட்டு இருந்த கானாவுல தைரியமா மைக் பிடிச்சவங்க. 2020-ல பிபிசி போட்ட 100 பெண்கள் பட்டியல்ல அவங்க பேரும் இருந்துச்சு. அவங்க குரல் மேல ஏறுற இடத்துல நான் மிஷினை நிறுத்திடுவேன். கானாவே பிடிக்காதுன்ன பையன், இப்ப பழைய கானாவா தேடிக் கேக்குறான்.

"சூப்பரா இருக்கு, கேளு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. துணியில சாக்பீஸால குறி போடுற மாதிரி பாட்டுல ஒரு இடத்தைக் குறிச்சுக் கொடுக்கணும். 'அட்டகத்தி' (2012) படத்துல கானா பாலா பாடின 'ஆடி போனா ஆவணி'யை நான் கொடுக்கும்போது, "ஒரு வரியை முடிச்சுட்டு அடுத்த வரிக்கு எப்படித் தாவுறாருன்னு பாரு"ம்பேன். ஒரே ஒரு இடம் போதும். அதுக்காகக் காத்திருக்கிறவங்க மீதியையும் கேட்டுடுவாங்க. படத்தோட பேரு, பாடினவங்க பேரு, வருஷம் மூணையும் சேர்த்து எழுதி அனுப்புங்க. இல்லாட்டி முப்பது செகண்ட் துண்டு ஒண்ணைப் பார்த்துட்டு, கேட்டுட்டேன்னு சொல்லிடுவாங்க. டோலக் இருக்கிற பாட்டா இருந்தா இயர்போன்ல கேக்கச் சொல்லுங்க. போன் ஸ்பீக்கர்ல அந்த அடி பாதி செத்துடும்.

மரண கானாவைக் கொடுக்கிறதுக்குத் தனியா ஒரு நிதானம் வேணும். எங்க பக்கம் சாவு வீட்டுல ராத்திரி முழுக்கப் பாடுவாங்க. செத்தவங்க பேரு, பார்த்த வேலை, பெத்த புள்ளைங்க எல்லாமே பாட்டுல வரும். அழுது ஓய்ஞ்சவங்க திரும்ப அழுறதும், அதுக்கு நடுவுல சிரிக்கிறதும் அப்பதான் நடக்கும். வெளியில இருந்து கேக்குறவங்களுக்கு "சாவு வீட்டுல கூத்தடிக்கிறாங்க"ன்னு தோணலாம். அப்படித் தோணாம இருக்கணும்னா முதல்ல இதை எடுத்துச் சொல்லிட்டு, அப்புறம்தான் பாட்டைப் போடணும். எங்கிட்ட பிளவுஸ் தைக்க அண்ணாநகர்ல இருந்து ஒரு டீச்சர் வருவாங்க. 'மெட்ராஸ்' (2014) படத்துல கானா பாலா பாடின 'இறந்திடவா'வை அவங்களுக்கு இப்படித்தான் கொடுத்தேன். பாட்டு முடிஞ்சதும் ரொம்ப நேரம் தன் அப்பாவைப் பத்தியே பேசினாங்க. ஆனா சமீபத்துல துக்கம் நடந்த வீட்டுக்கு இந்தப் பாட்டை அனுப்பவே அனுப்பாதீங்க. அவங்களே கேட்டா மட்டும்தான்.

இப்ப என்னை விடாம பிடிச்சு வெச்சிருக்கிறது திருவொற்றியூர் பாட்டுங்க. எதிர் முனையில பூக்கட்டுற பெரியம்மா வெள்ளிக்கிழமை தவறாம வடிவுடையம்மனைப் பார்க்கப் போறவங்க. கச்சேரிப் பாட்டுன்னா அது மயிலாப்பூர்க்காரங்களோடதுன்னு அவங்க நினைப்பு. ஆனா கர்நாடக சங்கீதத்துல பெரிய ஆளான தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து அந்த அம்மன் மேலயே அஞ்சு கீர்த்தனை பாடியிருக்கார். அவரோட சீடர் வீணை குப்பய்யர் அந்த ஊர்க்காரர். திரிபுரசுந்தரின்னு பாட்டுல வர்றது நம்ம வடிவுடையம்மன்தான். சுத்த சாவேரியில இருக்கிற 'தாரினி தெலுசுகொண்டி'யைத்தான் பெரியம்மாவுக்கு முதல்ல போட்டேன். அஞ்சே சுரம் உள்ள ராகம், காதுல சட்டுனு ஒட்டிக்கும். பாட்டு தெலுங்கு, அதனால முன்னாடியே "சுந்தரின்னு ஒரு வார்த்தை வரும் பெரியம்மா, அதை மட்டும் பிடிச்சுக்கோங்க"ன்னேன். "நம்ம அம்மன் மேலயா பாடுனாரு?"ன்னு பூவைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாங்க. முதல் தடவை கொடுக்கும்போது ராகத்தை நீட்டி ஆலாபனை பண்ற பதிவு வேணாம், நேரா பாட்டுக்குள்ள போற சின்னப் பதிவா பாருங்க. அது பிடிச்சுப்போனா கல்யாணியில 'சுந்தரி நீ திவ்ய ரூபமுனு' இருக்கு.

கொடுத்த அன்னிக்கே "எப்படி இருந்துச்சு?"ன்னு கேக்காதீங்க. பரீட்சை வெச்ச மாதிரி ஆயிடும். அவங்களா வாயைத் திறக்கட்டும்.

கொடுத்துக்கிட்டே மட்டும் இருக்கக் கூடாது, கேட்டும் வாங்கணும். நான் பட்டன் வாங்குற கடை பாய் எனக்குக் கொடுத்தது நாகூர் ஹனிபாவோட 'இறைவனிடம் கையேந்துங்கள்'. சின்ன வயசுல இருந்து ஸ்பீக்கர்ல காதுல விழுந்த பாட்டுதான். ஆனா, "அந்தக் குரல் எங்கேயும் கெஞ்சாது, கவனிம்மா"ன்னு பாய் சொன்ன பிறகுதான் நான் அதைச் சரியா கேட்டேன். பதிலுக்கு நான் கொடுத்தது குணங்குடி மஸ்தான் சாகிபோட பராபரக்கண்ணி. தண்டையார்பேட்டைப் பக்கம் அடங்கியிருக்கிற சூஃபி ஞானி அவர். பதிவைத் தேடாம புத்தகத்தை எடுத்துட்டுப் போய் ரெண்டு ரெண்டு வரியா வாசிச்சுக் காட்டினேன். மூணாவது கண்ணியில பாயே ராகம் போட ஆரம்பிச்சுட்டார். அடுத்து அவருக்கு இசைவாணி கொடுக்கலாம்னு இருக்கேன். மத்தியான லுஹர் தொழுகை முடிஞ்சு வந்து கடை காலியா இருக்கிற நேரம்தான் அவருக்குச் சரிப்படும்.