வாளையார் தாண்டி வரும் டி.ஏ. தம்பிகளுக்கு

உக்கடத்தில் பஸ் ஏறி, கறுப்பு டிரங்குப் பெட்டியைக் காலுக்கடியில் தள்ளிவைத்துக்கொண்டு, கேரள எல்லையான வாளையார் தாண்டி வருகிற தம்பிகளை அடிக்கடி பார்க்கிறேன். பெட்டி மேல் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு "பட்டாளத்திலாணோ?" என்று கேட்பார். என்ன பதில் சொல்வது என்று அந்தத் தம்பி ஒரு நொடி யோசிப்பது முகத்தில் தெரியும். நானும் அப்படி யோசித்தவன்தான். வருஷத்தில் இரண்டு மாதம் பட்டாளம், மீதிப் பத்து மாதம் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலையோ கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்பு வேலையோ. டெரிடோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ.க்காரன் பிழைப்பு அதுதான்.

இந்தப் பக்கம் குடிவருகிற டி.ஏ. தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். வீடு பார்ப்பது, கேஸ் கனெக்‌ஷன், பிள்ளைகளுக்குத் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் இதையெல்லாம் சொல்லித்தர கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் நம் ஜனம் நிறைய இருக்கிறது. உடுப்பையும் பட்டாளத்துக் காகிதத்தையும் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். கடைப் பலகையில் எழுத்து மாறும், டீக்கடையில் பழம்பொரி வரும், அவ்வளவுதான். வேலந்தாவளம் பக்கம் வந்தவர்களுக்கு அதுகூடத் தெரியாது. ஆனால் பட்டாளத்துக் காகிதத்தைப் பொறுத்தவரை நீங்கள் மாநிலம் மாறிய ஆள். வீட்டில் பால் காய்ச்சின வாரமே முதல் வேலையாக யூனிட்டுக்கு விலாச மாற்றம் எழுதுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன். தாராபுரம் பக்கம் எங்கள் பழைய வாடகை வீட்டு விலாசம்தான் யூனிட்டில் இருந்தது. முகாமுக்கான அழைப்புக் கடிதம் அங்கே போனது. வீட்டுக்காரப் பாட்டி வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். யூனிட்டில் கூட இருந்த ஒருவன் "அண்ணா, நீங்க இன்னும் வரலையா?" என்று போன் போட்டபோது முகாம் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. நாலாம் நாள் போய் ஆபீஸ் மேசைக்கு முன்னால் விறைப்பாக நின்றேன். "கடிதம் அனுப்பியாச்சே" என்றார்கள். அனுப்பியிருந்தது உண்மைதான். எனக்கு அந்தப் பாட்டி மேல் கோபம் வரவில்லை, யூனிட் மேலும் வரவில்லை. ஒரு போஸ்ட் கார்டு எழுதியிருந்தால் முடிந்திருக்குமே என்றுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

விலாசம் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. அது பார்ட் டூ ஆர்டரில் வர வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பிகள் பலருக்கு இது புரிவதில்லை. கல்யாணம், குழந்தை பிறந்தது, நாமினி மாற்றம், எதுவானாலும் யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் ஏறி, ரெக்கார்ட் ஆபீசில் பதிவானால்தான் பட்டாளத்தின் கணக்கில் அது நடந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ரெக்கார்ட்ஸ் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிறது. உங்கள் குழந்தை கண்ணுக்கு முன்னால் ஓடி விளையாடும். வெலிங்டன் ஏட்டில் இன்னும் பிறந்திருக்காது. ஆகையால் முகாம் முடிந்து கிளம்பும்போது ஹெட் கிளார்க்கிடம் நின்று, ஆர்டர் நம்பரும் தேதியும் கேட்டு, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டும்.

முழுநேரப் பட்டாளத்துக்காரருக்கு கிளார்க் பக்கத்துக் கட்டடத்திலேயே இருப்பார். ஒரு தப்பு வந்தால் சாயங்காலமே போய்ச் சொல்லலாம். நமக்கு மீதிப் பத்து மாதமும் அந்தக் கட்டடம் இல்லை. அந்தப் பத்து மாதத்தில் நாம் இருக்கிறோம் என்று பட்டாளத்துக்குச் சொல்கிற ஒரே ஆள் நம் காகிதம்தான். இதை நான் மனசாரச் சொல்கிறேன். நல்ல உடற்கட்டு, துப்பாக்கியில் நல்ல குறி, நல்ல பழக்கம் எல்லாம் இருந்தும் காகிதத்தால் நொந்துபோன தம்பிகளை எனக்குத் தெரியும்.

அடுத்தது பெயர். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், அப்பா பெயர் ஒரு எழுத்தோடு சரி. பட்டாளத்தில் சேரும்போது எழுதுகிறவர் அதைப் பின்னால் போடுவார், அல்லது அப்பா பெயரை முழுசாக நீட்டிவிடுவார். இங்கே குடிவந்து ரேஷன் கார்டுக்கும் மற்றதுக்கும் எழுதிக் கொடுத்தால், மலையாளத்தில் ஏறி மறுபடி ஆங்கிலத்துக்கு வரும்போது முருகேசன் நடுவில் ஒரு 'ஹெச்' சேர்ந்திருக்கும். நமக்கு அது ஒரே முருகேசன். ஆபீசுக்கு இரண்டு பேர். இதற்குக் கேரளத்தில் ஒரு நல்ல வழி உண்டு. 'ஒன் அண்ட் த சேம்' சர்ட்டிபிகேட் என்று வில்லேஜ் ஆபீஸ் மூலம் கொடுக்கிறார்கள்: இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆளுடையது என்று. அக்ஷயா சென்டரில் (இங்கத்து அரசு இ-சேவை மையம்) போய் விண்ணப்பம் போடலாம். தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், வந்த வருஷமே வாங்கி வையுங்கள். ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிற எழுத்துதான் மூலம். மற்றதை அதற்கு ஒத்துப்போக வையுங்கள். அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

மலையாளம் எழுத வராது என்று யாரும் தயங்க வேண்டாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தங்கள் மொழியில் எழுதிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீசுக்கும் அது பொருந்தும். தமிழில் தெளிவாக எழுதிக் கொடுங்கள், பேசும்போது தெரிந்த மலையாளத்தில் பேசுங்கள். மரியாதையாகப் பேசினால் இங்கே ஆபீசில் காரியம் நடக்கும். என் அனுபவம் அது.

சரி, உடுப்புக்கு வருகிறேன்.

தாராபுரத்துக் காற்றில் வளர்ந்தவனுக்குத் துணி கெட்டுப்போகும் என்பதே தெரியாது. இங்கே ஜூனில் எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கினால் துணி ஒரு வாரத்துக்குக் காயாது. முதல் வருஷம் பெட்டியை மே மாதம் பூட்டினேன், செப்டம்பரில் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் ஈர மண் மாதிரி ஒரு வாசம். பூட்ஸ் இரண்டும் சாம்பல் பூத்து, விரலை வைத்தால் பொடி ஒட்டியது. பெல்ட் பக்கிளில் பச்சைக் களிம்பு. பெரே தொப்பியின் உள்பட்டையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். என் மனைவி ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் திண்ணையில் எடுத்துப் பரப்பினாள். அன்றைக்கு முழுக்க நாங்கள் இரண்டு பேரும் துடைத்தோம்.

அதற்கப்புறம் செய்வது இது. மழைக்காலத்தில் எதையும் பிளாஸ்டிக் கவரில் போடுவதில்லை, வேர்த்துவிடும். பூட்ஸுக்குள் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்து, வெளியே பாலிஷ் கனமாகப் பூசி, அலமாரி மேல் திறந்தே வைக்கிறேன். பெரேயைத் தண்ணீர் தெளித்துக் கையால் சரிசெய்து, கவிழ்த்த தூக்குப்போசி மேல் கவிழ்த்து நிழலில் காய வைத்தால் வடிவம் போகாது. பெட்டியில் வேப்பிலையும் நொச்சியும் போடுகிறேன். வெயில் எட்டிப் பார்க்கிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெட்டி திண்ணைக்கு வந்துவிடும்.

கஞ்சி போடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். இங்கே வீட்டில் மட்டை அரிசி வடித்த கஞ்சிதான் கிடைக்கும். அதில் செம்மை இருக்கும். ஒருமுறை அவசரத்துக்கு அதையே வடிகட்டாமல் ஓ.ஜி. (ஆலிவ் பச்சை) சட்டைக்குப் போட்டு, முதுகில் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொண்டது. ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சித் துணியில் வடிகட்டிப் போடுங்கள். புது காம்பாட் உடுப்புக்கு இந்தக் கவலை இல்லை. 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று டில்லியில் அணிவகுப்பில் முதலில் காட்டினார்களே, அந்த டிஜிட்டல் புள்ளி உடுப்பு. நிஃப்ட் என்கிற ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தது. பருத்தி எழுபது, பாலியெஸ்டர் முப்பது, அதனால் சீக்கிரம் காய்கிறது. பழையதில் சட்டையை உள்ளே விட்டு மேலே பெல்ட் கட்டுவோம். இதில் சட்டை வெளியேதான் இருக்கும். இடுப்பைக் கூட்டிக் குறைக்க வழி வைத்திருக்கிறார்கள். பத்து மாதம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு முகாமுக்குப் போகிற நமக்கு அதன் அருமை தெரியும். இருந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பாருங்கள். முகாமுக்கு முந்தின ராத்திரி பட்டன் எட்டாமல் போனால், தையல்காரரைத் தேடி எங்கே போவது?

அந்தத் துணியின் வடிவமைப்பை ராணுவம் பதிவு செய்திருக்கிறது. வெளிச்சந்தையில் விற்கக் கூடாது. அதே மாதிரி இருக்கிறது என்று கடையில் மீட்டர் கணக்கில் வாங்கித் தைக்கப் போகாதீர்கள். கிழிந்தால் ஸ்டோருக்கே போங்கள். கிளோதிங் கார்டில் என்ன ஏறியிருக்கிறது, எதைத் திருப்பிக் கொடுத்தோம் என்று ஒவ்வொரு முகாம் முடிவிலும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். திருப்பிக் கொடுத்த கம்பளி கார்டில் அப்படியே நின்றால், கடைசியில் அது உங்கள் கணக்கில்தான் வரும்.

மச்சான் கல்யாணத்தில் போட்டோவுக்கு ஜாக்கெட் கேட்பான், தம்பி பையன் ஸ்கூல் விழாவுக்குக் கேட்பான். கொடுக்காதீர்கள். படையில் இல்லாதவர் தன்னைப் படைவீரர் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு அந்த உடுப்பைப் போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாமும் கூப்பிட்ட நாட்களில்தான் போட வேண்டும். முகாமுக்குப் போகும் வழியில் என்ன உடை என்று அழைப்பு வந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சிவில் உடையில்தான் போகிறேன்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குச் சட்டம் மட்டும் காரணம் இல்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போனபோது, கோழிக்கோட்டிலிருந்து போய் இறங்கிய படைகளில் 122ஆவது டி.ஏ. பட்டாலியனும் இருந்தது. நம்மைப் போல மீதி நாளெல்லாம் கடையிலும் தோட்டத்திலும் நிற்கிறவர்கள்தான். அந்தத் தோட்டங்களில் நம் தமிழ் ஜனமும் எத்தனையோ காலமாக இலை பறிக்கிறது. சேற்றுக்குள் இடுப்பளவு நின்று ஆளைத் தேடினவர்கள் போட்டிருந்த உடுப்பு அது. அதற்கப்புறம் இங்கே டீக்கடையில் நான் டி.ஏ. என்று தெரிந்தால் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிறார்கள். போட்டோவுக்காக அதை இரவல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வேலை செய்யும் இடத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அழைப்பு வந்து போனவரைத் திரும்ப வேலையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது 1948ஆம் வருஷத்து டெரிடோரியல் ஆர்மி சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் மேனேஜரிடம் சட்டத்தைச் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். அழைப்புக் கடிதத்தின் நகலைக் கொடுத்து, இன்னொரு நகலில் சீல் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். கேரளத்தில் யூனியன் செக்ரட்டரிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். திடீரென்று கூப்பிடும் காலமும் வரும்: 2025 மே மாதம், அப்போது இருந்த 32 காலாட்படை டி.ஏ. பட்டாலியன்களில் 14ஐ அழைத்துக்கொள்ள அரசு உத்தரவு போட்டது. அந்த வாரம் நாங்கள் எல்லோரும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தோம்.

கடைசியாக, நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். டி.ஏ.வில் இருந்துவிட்டு வந்தாலே முன்னாள் படைவீரர் ஆகிவிட முடியாது. எம்பாடிமென்ட்டில், அதாவது பட்டாளம் கூப்பிட்டுப் பணியில் வைத்திருக்கும் காலத்தில், இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பட்டாளப் பணியால் உடல் ஊனம் ஏற்பட்டவர், வீரப் பதக்கம் பெற்றவர், இவர்களுக்குத்தான் அந்தத் தகுதி. சிப்பாய் முதல் ஹவில்தார் வரை பென்ஷனுக்கு எம்பாடிமென்ட் நாட்கள் எல்லாம் கூட்டி 15 வருஷம் வர வேண்டும். சேர்ந்து 15 வருஷம் ஆகிவிட்டது என்று பாலக்காடு சைனிக வெல்ஃபேர் ஆபீசுக்கு (முன்னாள் படைவீரர் நல அலுவலகம்) பஸ் ஏறிப் போய், முகம் வாடித் திரும்பின ஒரு அண்ணனோடு நான் அதே பஸ்ஸில் வந்திருக்கிறேன். வழி முழுக்க அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்கு இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

அதனால் நாட்களை நீங்களே எண்ணுங்கள். ஒரு நீளமான நோட்டு வாங்கி, எந்தத் தேதி கூப்பிட்டார்கள், எந்தத் தேதி விட்டார்கள், மூவ்மென்ட் ஆர்டர் (பயண உத்தரவு) நம்பர், பார்ட் டூ ஆர்டர் நம்பர் என்று வரிவரியாக எழுதி வையுங்கள். எழுதினதைக் கிளார்க்கிடம் காட்டி ஒத்துப்பாருங்கள். என் நோட்டு பூட்ஸுக்குப் பக்கத்தில், அலமாரி மேல் தட்டில் இருக்கிறது. அசல் காகிதங்களை ஒரு தகர டப்பாவில் கற்பூரத்தோடு போட்டு வைத்திருக்கிறேன். நகல் ஒரு செட் தாராபுரத்தில் தங்கை வீட்டில். போன மழையில் எங்கள் ஓடு ஒழுகியது. டப்பா நனையவில்லை.