குளிர்கடலில் கைட் சர்ஃபிங்: வெட்சூட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

உவரியிலும் கூட்டப்புளியிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல்நீர் விறைக்க வைக்கும் என்பதே புதிய செய்தி. நம் பக்கத்துக் கடல்நீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருப்பதால், தூத்துக்குடியிலோ இராமேசுவரத்திலோ கைட் சர்ஃபிங் (கைட் எனும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடும் விளையாட்டு) கற்றவர்கள் அரைக்கால் சட்டையோடு பழகிவிடுகிறார்கள். அவர்களே வேலைக்காக நெதர்லாந்துக்கோ டென்மார்க்குக்கோ போய்ச் சேரும்போது, பிப்ரவரி மாதத்து வடகடல் நீர் 5 அல்லது 6 டிகிரியில் காத்திருக்கிறது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என் முதல் குளிர்காலத்தில், குளிரைத் தாங்கிவிடலாம் என்ற துணிவில், முதுகில் ஜிப் வைத்த மெல்லிய பழைய வெட்சூட் (குளிர்நீரில் உடம்போடு ஒட்டி அணியும் ரப்பர் உடை) ஒன்றை வாங்கினேன். பலகையில் நின்று ஓடிக்கொண்டிருந்த வரை குறை தெரியவில்லை. காற்று திடீரென அடங்கிக் கைட் நீரில் விழுந்தபின், அதை இழுத்துக்கொண்டு கரைக்கு நீந்திய ஒவ்வொரு வீச்சுக்கும் கழுத்து வழியாகப் புதுநீர் நுழைந்து முதுகுத்தண்டில் இறங்கியது. கரையேறியபின் கார் சாவியை விரல்களால் பிடிக்க முடியாமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து அழுத்தித்தான் கதவைத் திறந்தேன். அன்று கற்றதையே முதல் விதியாகச் சொல்கிறேன்: வெட்சூட்டை ஓடும் நேரத்துக்காக வாங்கக் கூடாது, கைட் விழுந்து நீருக்குள் கிடக்கும் நேரத்துக்காக வாங்க வேண்டும்.

வெட்சூட்டின் துணியான நியோப்ரீன், உள்ளே நுண்ணிய வாயுக் குமிழ்கள் அடைபட்ட ரப்பர் நுரை. வெப்பத்தைக் காப்பவை அந்தக் குமிழ்களே. உள்ளே புகுந்த சிறிதளவு நீர் அசையாமல் நின்றால் கெடுதல் இல்லை. அது வெளியேறிப் புதுநீர் வந்துகொண்டே இருந்தால்தான் உடம்பின் சூடு பறிபோகும். 5/4 என்று எழுதியிருந்தால் மார்பு, முதுகுப் பகுதியில் 5 மில்லிமீட்டர், கைகால்களில் 4 மில்லிமீட்டர் தடிமன் என்று பொருள். பொதுவாக 13 முதல் 16 டிகிரி நீருக்கு 4/3 போதும். 9 முதல் 12 வரை 5/4 வேண்டும். அதற்கும் கீழே 6/5 அல்லது 6/5/4 (மார்பு, கால், கை என்ற வரிசையில்), அதுவும் தலைமூடி சேர்ந்தே தைக்கப்பட்டதாக இருப்பது நல்லது. இரண்டு தடிமனுக்கு நடுவே தயங்கினால் தடித்ததையே எடுங்கள்.

தடிமனைவிடவும் முக்கியமானது உடம்போடு ஒட்டும் பொருத்தம். இவ்வளவு தடித்த வெட்சூட் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது என்பதால், பலரும் இங்கேயே அளவெடுத்து இணையத்தில் வாங்குகிறார்கள். நம் தையல்காரர்கள் சட்டைக்குத் தாராளம் விட்டே அளவெடுத்துப் பழகியவர்கள். அந்தத் தாராளம் இதில் கூடவே கூடாது என்பதால், நாடாவை உடம்போடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லி மார்பு, இடுப்பு, உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு அட்டவணையில் மார்பும் உயரமும் முதலில் பொருந்த வேண்டும்; ஒல்லியாக உயர்ந்தவர்களுக்கென்று நீளமான அளவுகள் தனியே உண்டு. போட்டுப் பார்க்கும்போது குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்துங்கள். அடிமுதுகிலும் அக்குளிலும் கையால் பற்றி இழுக்கும் அளவுக்குத் தொய்வு இருந்தால் அந்த இடத்தில் நீர் தேங்கி, அசையும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாக, முழுமூச்சு இழுக்க முடியாமலோ விரல்கள் மரத்துப்போகும்படியோ இறுகினால் அது சிறியது. இரத்த ஓட்டம் தடைபட்டால் குளிர் இன்னும் விரைவாக ஏறும்.

தையலைப் புரட்டிப் பாருங்கள். ஊசி இருபுறமும் துளைத்துத் தட்டையாகத் தைத்தது வெப்பக் கடலுக்கு உரியது. குளிர்கடலுக்கு, விளிம்புகளைப் பசையால் ஒட்டி, ஊசி மறுபுறம் துளைக்காதபடி தைத்து, மேலே ரப்பர்ப் பூச்சோ நாடாவோ இட்டது வேண்டும். ஜிப் மார்பில் இருப்பது முதுகில் இருப்பதைவிட நீரை நன்றாகத் தடுக்கும்.

அலைச்சறுக்குக்காரர்களுக்கு இல்லாத ஒரு கவலை கைட் ஓட்டுபவர்களுக்கு உண்டு. மண்பானை நீர் காற்றுப்பட்டுக் குளிர்வதை நாம் அறிவோம். பானையின் மேற்புறத்தில் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெளிப்புறம் துணி ஒட்டிய வெட்சூட்டும் பலத்த காற்றில் அதே பானையாகிவிடுகிறது. காற்றின் வெப்பநிலை 5 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், வெற்றுத்தோலுக்கு அது பூச்சியத்துக்கும் கீழாகவே உறைக்கும். ஆகையால் மார்பிலும் முதுகிலும் துணியில்லாத வழவழப்பான ரப்பர்ப்பரப்பு உள்ளதைத் தேடுங்கள்; அதில் நீர் நிற்காமல் வழிந்துவிடும். ஆனால் அந்தப் பரப்பு எளிதில் கிழியும் என்பதால், ஹார்னஸ் (கைட்டின் இழுப்பைத் தாங்க இடுப்பில் கட்டும் பட்டை) உராயும் இடுப்புப் பகுதியில் மட்டும் துணி ஒட்டியிருக்க வேண்டும். தடித்த வெட்சூட்டின்மேல் பழைய ஹார்னஸின் பட்டைகள் எட்டுகின்றனவா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

காலுறை 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெட்சூட்டின் கால்விளிம்பு அதன்மேல் வந்து மூட வேண்டும். கையுறையில் மட்டும் தடிமனே நன்மை என்று நினைக்காதீர்கள். உள்ளங்கை தடித்தால் பிடியை இறுக்கியே முன்கை சோர்ந்துவிடும். எதை வாங்கினாலும், அதை அணிந்த கையால் கைட்டை விடுவிக்கும் அவசர விசையைக் கரையிலேயே பத்து முறை இழுத்துப் பழகாமல் நீரில் இறங்க வேண்டாம்.

விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவந்தால், நல்ல தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயிலும் காரின் பின்பெட்டிச் சூடும் ரப்பரை விரைவில் வெடிக்கச் செய்யும். கொடிக்கயிற்றில் மடித்துப் போட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் குமிழ்கள் நசுங்கிவிடும். அகன்ற தோள் கொண்ட தாங்கியில் உள்ளறையில் தொங்கவிடுவதே சரி.