கார், வீட்டு இன்ஷூரன்ஸ்: கொட்டேஷன்களை ஒப்பிடுவது எப்படி?

எங்கள் காருக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் ரின்யூவல். 2023-இல் ஷோரூமில் 14,800 ரூபாய் கேட்டார்கள். ஒப்பீட்டுத் தளம் ஒன்றில் அதே காருக்கு 8,200 என்று வந்தது. பத்தே நிமிடத்தில் பணம் கட்டி பாலிசியை எடுத்துவிட்டேன்.

அந்த டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழே நிறுத்தியிருந்த கார் சீட் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகினேன். இரண்டு முறை உறுமிவிட்டு எஞ்சின் நின்றது. சில நாள் கழித்து, சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய சர்வேயர் முதலில் கேட்டதே இதைத்தான்: “தண்ணி வடிஞ்சப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?”

ஆமாம் என்றேன். சீட், வயரிங் செலவில் ஒரு பகுதி கிடைத்தது. எஞ்சினுக்கான 86,000 ரூபாய் முழுவதும் என் கையிலிருந்துதான் போனது. 2024 ரின்யூவலுக்கு முன் உட்கார்ந்து இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். அப்போது நான் செய்ததையே வரிசையாக எழுதுகிறேன்.

1. ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்

பாலிசி முடியும் நாளன்று தேடினால் அவசரத்தில் ஏதோ ஒன்றை எடுத்துவிடுவோம். முடிந்துபோன பிறகு தேடினால் வண்டியை வீடியோ எடுத்து அனுப்பு, ஆள் வந்து பார்க்க வேண்டும் என்று இழுக்கும். 90 நாள் தாண்டிவிட்டால், கிளெய்ம் எடுக்காததற்காகச் சேர்த்து வைத்த தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000.

பழைய பாலிசி, ஆர்சி இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுத் தளத்தில் கொடுக்க ஒரு இரண்டாவது சிம் எண் இருந்தால் ரொம்ப நல்லது. எண்ணைக் கொடுத்த அரை மணி நேரத்தில் அழைப்புகள் தொடங்கும், ஒரு வாரம் ஓயாது.

2. பழைய பாலிசியைப் பிரித்துப் படியுங்கள்

ஃபுல் இன்ஷூரன்ஸ் என்று நாம் சொல்வது இரண்டு துண்டு. ஒன்று தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் பிறருக்கு வரும் பாதிப்புக்கு. இன்னொன்று ஓன் டேமேஜ், நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு.

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி 1000 சிசி வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416, அதற்கும் மேல் 7,897. எந்த நிறுவனத்திடம் போனாலும் இந்தத் தொகை ஒன்றுதான், இதில் பேரம் கிடையாது. ஒப்பிட வேண்டியதெல்லாம் ஓன் டேமேஜும் அதன் மேல் சேர்க்கும் கூடுதல் பாதுகாப்புகளான ஆட்-ஆன்களும்தான். கடைசியில் மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். சில தளங்கள் ஜிஎஸ்டி சேர்க்காத விலையைப் பெரிதாகக் காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

3. ஐடிவியை எல்லாவற்றிலும் ஒன்றாக்குங்கள்

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐடிவி என்பது வண்டி திருடு போனாலோ முழுதாகச் சேதமானாலோ நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகை. வண்டியின் பட்டியல் விலையில் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து இதை எடுக்கிறார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்தைத் தாண்டினால் நிறுவனமும் நாமும் பேசி முடிவு செய்வது.

ஆனால் ஒப்பீட்டுத் தளத்தில் இந்தத் தொகையை ஏற்றவும் இறக்கவும் முடியும். தளம் முதலில் காட்டுவது பெரும்பாலும் குறைந்த ஐடிவி. அப்போதுதானே விலை மலிவாகத் தெரியும்! நான் எடுத்த 8,200 ரூபாய் பாலிசியின் ஐடிவி 3.7 லட்சம். ஷோரூம் கொட்டேஷனில் 4.6 லட்சம். இந்த 90,000 ரூபாய் வித்தியாசத்தை நான் கவனிக்கவே இல்லை, விலையை மட்டும் பார்த்தேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதிவிடுவார்கள். ஐடிவி குறைந்தால் அந்த எல்லையும் கீழே இறங்கும். சரிசெய்து ஓட்டியிருக்கக்கூடிய வண்டிக்குக் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்க வேண்டிவரும்.

அதற்காக உச்சத்தில் வைக்கவும் வேண்டாம். உங்கள் மாடல், அதே வருடம், அதே ஓட்டம் உள்ள வண்டி பழைய கார் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அதை ஒட்டி ஒரு எண்ணை முடிவு செய்து எல்லா நிறுவனங்களிலும் அதையே போடுங்கள். அதே எண்ணைச் சில நிறுவனங்கள் ஏற்காது. அப்போது அதற்கு மிக அருகில் வரும் எண்ணைப் போட்டு, வித்தியாசத்தைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஆட்-ஆன்களையும் ஒன்றாக்குங்கள்

என் கருத்தில் சென்னையில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆட்-ஆன் கட்டாயம்.

முதலாவது எஞ்சின் புரொடெக்ட். எஞ்சினுக்குள் தண்ணீர் போன நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். சாதாரண பாலிசியில் இதை வெள்ளச் சேதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நாம் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு நடந்தது அதுதான். இந்த ஆட்-ஆன் இருந்தாலும்கூட, மூழ்கிய வண்டியின் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டோ வண்டி வரும்வரை காத்திருங்கள்.

இரண்டாவது, எல்லோரும் ‘பம்பர் டு பம்பர்’ என்று சொல்கிற ஜீரோ டெப். இது இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். இன்றைய கார்களில் பம்பரே பிளாஸ்டிக்தானே. இரண்டு ஆட்-ஆன்களும் பழைய வண்டிக்கு எல்லா நிறுவனத்திலும் கிடைக்காது, ஒன்றில் இல்லை என்றால் அடுத்ததில் கேளுங்கள்.

சாவி தொலைந்தால், டயர் வெடித்தால், காருக்குள் வைத்த பொருள் போனால் என்று வரிசையாக வருபவற்றை நான் எடுப்பதில்லை. ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு சட்டப்படி வேண்டும். ஆனால் இன்னொரு வண்டியின் பாலிசியிலோ தனியாகவோ ஏற்கெனவே அது உங்களுக்கு இருந்தால் மறுபடியும் பணம் கட்டத் தேவையில்லை, அதை அறிவித்தால் போதும்.

5. நோ கிளெய்ம் போனஸை உண்மையாகச் சொல்லுங்கள்

ஒரு வருடம் கிளெய்ம் எடுக்காவிட்டால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும். அப்புறம் 25, 35, 45, ஐந்தாம் வருடத்திலிருந்து 50. கிளெய்ம் எடுத்தால் மறுபடி பூஜ்யம். நிறுவனத்தை மாற்றினாலும் போனஸ் கூடவே வரும். அது வண்டியைச் சேர்ந்ததல்ல, உரிமையாளரைச் சேர்ந்தது. பழைய காரை விற்கும்போது சான்று வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் புதிய காருக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தளத்தின் படிவத்தில் ‘போன வருடம் கிளெய்ம் எடுத்தீர்களா?’ என்ற கேள்விக்குச் சில இடங்களில் ‘இல்லை’ என்று முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். கிளெய்ம் எடுத்தவர்கள் அதை மாற்ற வேண்டும். புது நிறுவனம் பழைய நிறுவனத்திடம் விசாரிக்கும். பொய் என்று தெரிந்தால், நமக்குப் பணம் தேவைப்படும் நாளில் கிளெய்ம் நிற்கும்.

6. இப்போது ஒரு தாளில் எழுதுங்கள்

நான் கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துகிறேன். நிறுவனம், ஐடிவி, ஓன் டேமேஜ், தேர்ட் பார்ட்டி, இரண்டு ஆட்-ஆன், ஜிஎஸ்டியோடு மொத்தம், வீட்டுக்கு அருகில் கேஷ்லெஸ் கராஜ் (ரிப்பேர் பணத்தை நிறுவனமே நேரடியாகக் கட்டும் இடம்) என்று தலைப்புகள். கடைசித் தலைப்பை விட்டுவிடாதீர்கள். நீங்கள் வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எந்த நிறுவனங்களோடு கேஷ்லெஸ் இருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். தளத்தில் உள்ள பட்டியலை நான் நம்புவதில்லை.

ஒப்பீட்டுத் தளம் ஒன்றை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம், எல்லா நிறுவனங்களும் எல்லாத் தளத்திலும் இருப்பதில்லை. பாலிசிபஜார் போன்ற ஒன்றில் பொதுவாகப் பார்த்துவிட்டு, நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்எஸ் என்று இரண்டு மூன்று நிறுவனங்களின் சொந்தத் தளத்திலும் அதே எண்களைப் போட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு இருபது வருடமாகப் பாலிசி போடும் ஏஜென்ட் அண்ணாவிடமும் கேட்டேன். “விலைய நானும் அதேதான் சொல்வேன் தம்பி, ஆனா கிளெய்ம் வந்தா சர்வேயர் கூட நான் வந்து நிப்பேன்” என்றார். வண்டி மூழ்கியபோது தளத்தின் கஸ்டமர் கேர் எண்ணில் நாற்பது நிமிடம் காத்திருந்த எனக்கு அந்த வார்த்தையின் மதிப்பு புரிந்தது.

2023 கொட்டேஷன்களை இதே முறையில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 4.6 லட்சம் ஐடிவி, இரண்டு ஆட்-ஆன், எல்லாம் சமமாக வைத்தால் மிகக் குறைந்த விலை 11,600. ஆக, ஷோரூமைவிட உண்மையான மிச்சம் 3,200 ரூபாய்தான். மீதி 3,400 ரூபாயை நான் மிச்சப்படுத்தவில்லை, எஞ்சின் பாதுகாப்பையும் ஐடிவியில் 90,000 ரூபாயையும் வெட்டிக் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

7. வீட்டுக்கு

கார் முடிந்த கையோடு வீட்டையும் பார்த்தேன். எங்கள் ஃபிளாட்டுக்கு ஏற்கெனவே இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன், வீட்டுக் கடனோடு வங்கி ஒன்றைக் கொடுத்திருந்தது. எடுத்துப் படித்தால் அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் பாலிசி. சுவருக்கும் கூரைக்கும் ஒரு பைசா இல்லை. உங்களுடையதையும் இன்றே எடுத்துப் பாருங்கள், தலைப்பில் ‘ஹோம் லோன்’ என்று இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம்.

வீட்டுப் பாலிசியை ஒப்பிடுவது காரைவிட எளிது. 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதித்திருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் உள்ளடக்கம். அடிப்படை ஒன்று என்பதால் இங்கே விலையைத் தைரியமாக ஒப்பிடலாம்.

எவ்வளவுக்கு எடுப்பது என்பதில்தான் குழப்பம். எங்கள் ஃபிளாட்டின் சந்தை விலை 70 லட்சம், முதலில் நான் அதையே போட்டேன். அது தவறு. 70 லட்சத்தில் பெரும்பகுதி நிலத்தின் விலை, வெள்ளம் வந்தாலும் நிலம் அங்கேயே இருக்கும். பாலிசி தருவது திரும்பக் கட்ட ஆகும் செலவை. கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்குள் இருக்கும் தரைப்பரப்பை, சதுர அடிக் கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். எங்களுக்கு 720 சதுர அடி, பக்கத்தில் வீடு கட்டும் மேஸ்திரியிடம் விசாரித்ததில் 2,300 ரூபாய், ஆக 16,56,000. வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, பட்டியல் கொடுக்காமலே தானாகச் சேர்ந்துவிடும். எங்களுக்கு அது 3,31,200. ஆண்டு பிரீமியம் 1,000 ரூபாய்க்கும் கீழே வந்தது.

எதற்குக் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளம், தீ போன்ற சம்பவம் நடந்த ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் பணம். ஊருக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்தால் இதில் கிடைக்காது, அதற்கு பர்க்ளரி கவர் தனியாக வேண்டும். நகையையும் தனியாகச் சேர்க்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட்டில் டிவி மட்டும் எரிந்தால் அந்த டிவிக்குப் பணம் வராது.

பாலிசி வந்த அன்றே ஒவ்வொரு அறையையும் பீரோ, ஃபிரிட்ஜ், ஏசியின் மாடல் எண் தெரிய வீடியோ எடுத்து கூகுள் டிரைவில் போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: புதுக் கார் வாங்கிய ஒருவர் ‘தேர்ட் பார்ட்டி இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே, ஃபுல் ஏன் கேட்கிறார்கள்?’ என்று கேட்டிருந்தார். 2018 செப்டம்பர் முதல் வாங்கிய புதுக் கார்களுக்குத் தேர்ட் பார்ட்டி மூன்று வருடத்துக்குச் சேர்த்தே வரும், ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். அந்த இடைக்காலத்தில் ‘ஸ்டாண்ட்அலோன் ஓன் டேமேஜ்’ என்று தேடி எடுங்கள். பழைய நிறுவனத்திலேயே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, தேர்ட் பார்ட்டி பாலிசியின் எண் மட்டும் கையில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 2: வாடகை வீட்டில் இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். அப்போது 20 சதவீதக் கணக்கு வராது, தொகையை நீங்களே சொல்ல வேண்டும். வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருக்கும் என் தங்கை இப்படித்தான் எடுத்திருக்கிறாள். அவள் காரை, மழை எச்சரிக்கை வந்ததுமே மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறாள்.

பின்சேர்க்கை 3: கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். சரியான பதில் இல்லையென்றால் ஐஆர்டிஏஐயின் ‘பீமா பரோசா’ தளம், 155255 என்ற எண். அதற்கு மேல், இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.