மைலோமா ஸ்கேனுக்குக் கிளம்பும்முன்

பெட்-சிடி அறையில் ஊசி போட்டு, படுக்க வைத்து, படம் எடுப்பது என் வேலை. ஊசியில் இருப்பது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை; நோய்ச் செல்கள் அதை இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். மைலோமாவுக்காக, அதாவது எலும்பு மஜ்ஜையில் தோன்றி எலும்பை அரிக்கும் ரத்தப் புற்றுநோய்க்காக, வருகிறவர்கள் ரத்தப் பரிசோதனைத் தாள்களை வரிசையாக அடுக்கிக் கொண்டுவருவார்கள். போன ஸ்கேனின் டிஸ்க் மட்டும் வீட்டு பீரோவில் கிடக்கும். முதலில் எடுத்து வைக்க வேண்டியது அதைத்தான். ரிப்போர்ட்டும் ஃபிலிமும் போதாது. இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் நோய் ஏறியதா இறங்கியதா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியும். அதனால், முதலில் எந்த வகை ஸ்கேன் எடுத்தீர்களோ அதையே தொடர முடியுமா என்று கேளுங்கள்; முடிந்தால் அதே இடத்தில்.

சாதாரண எக்ஸ்ரேயில், எலும்பு மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் ஓட்டை தெரியும். குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் முழு உடல் சிடியில் 5 மில்லிமீட்டர் ஓட்டையே தெரிந்துவிடும். அதற்குச் சாய ஊசியும் வேண்டாம். மஜ்ஜைக்குள் நோய் பரவியிருப்பதைப் பார்க்க எம்ஆர்ஐ நல்லது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கப் பெரும்பாலும் பெட்-சிடிக்கு அனுப்புவார்கள்.

"தம்பி, இவ்வளவு மருந்து சாப்பிட்டும் ஓட்டை அப்படியே இருக்குன்னு எழுதியிருக்காங்களே" என்று ஒரு பெரியவர் ரிப்போர்ட்டை நீட்டினார். "அடுத்த வரியையும் படிங்க அய்யா" என்றேன். அந்த இடத்தில் ஊசியில் போட்ட சர்க்கரை சேரவில்லை என்று இருந்தது. மைலோமா அரித்த எலும்பு, நோய் அடங்கிய பிறகும் பெரும்பாலும் முழுசாக மூடாது. பார்க்க வேண்டியது ஓட்டையை அல்ல, அது இன்னும் ஒளிர்கிறதா என்பதை. அந்த ஒளியைக் கல்லீரலின் ஒளியோடு ஒப்பிட்டு எடைபோடுவார்கள். சிலருக்கு நோய் இருந்தும் ஒளிராது. ஆகவே மைலோமா செல்கள் சுரக்கும் எம் புரதம், லைட் செயின் ஆகியவற்றின் அளவுகளையும் சேர்த்துத்தான் முடிவு.

சரி, ஸ்கேன் நாளுக்கு வருவோம். ஆறு மணி நேரம் வெறும் வயிறு; தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்கலாம். சுகர் 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் வேறு நாளுக்குத் தள்ளிவிடுவோம். மெட்ஃபார்மின், இன்சுலின் எடுப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். முந்தின நாள் வேகநடையும் பளு தூக்குவதும் வேண்டாம்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கடைசியாக எப்போது போட்டீர்கள், ரத்த வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசி போட்டீர்களா என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். முதலாவது சுகரை ஏற்றும், நோயின் ஒளியை மங்கவும் வைக்கும். இரண்டாவதில் நல்ல மஜ்ஜையே பளிச்சென்று ஒளிரும். அண்மையில் எலும்பு முறிந்திருந்தால் அதுவும் ஒளிரும்.

ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். செல்போனில் அரட்டை கூடாது, பேசும் தசைகளும் சர்க்கரையை இழுக்கும். முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கு எங்கள் மேசை கல் மாதிரி இருக்கும். வலி மாத்திரையை எப்போது போடலாம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், முழங்காலுக்கு அடியில் தலையணை கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. செலுத்திய கதிரியக்கம் சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அன்று மட்டும் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்காமல் இருங்கள்.

இடையில் திடீரென்று கால் மரத்தாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கவே கூடாது. தண்டுவடம் நசுங்கியிருக்கலாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போய், மைலோமா இருப்பதைச் சொல்லி, உடனே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள்.