ஒளிச் சிகிச்சை முடிந்ததும் சன்ஸ்கிரீனை நம்பி வெளியே போகாதீர்கள்

கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது என்ற நம்பிக்கையோடுதான் நம்மில் பலர் விமானம் ஏறுகிறோம். குறைவாக வரும், ஆனால் வரும். என் அக்காவின் நெற்றியோரத்தில் மாதக்கணக்காக ஆறாமல் இருந்த புண், துளித் தோலை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸியில் பேசல் செல் கார்சினோமா என்று தெரிந்தது. தோல் புற்றுநோய்களில் மிகப் பரவலானது இதுதான். மெதுவாக வளரும், மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது.

குடும்ப மருத்துவர், தோல் நிபுணர், பயாப்ஸி, தேதி என்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. புண் மேலோட்டமானது என்பதால் ஃபோட்டோடைனமிக் சிகிச்சை, அதாவது ஒளிச் சிகிச்சை. பொருக்கைச் சுரண்டிவிட்டுக் களிம்பு பூசி, சுமார் 3 மணி நேரம் மூடி வைத்தார்கள். களிம்பினால் புற்றணுக்களில் போர்ஃபைரின் என்ற பொருள் சேரும். சிவப்பு ஒளி பட்டதும் அதுவே அந்த அணுக்களைக் கொல்லும். ஒளி பாயும்போது நன்றாக எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள், சொல்லுங்கள். இடையில் நிறுத்திக் குளிர்விப்பார்கள். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், சில களிம்புகளில் அந்த எண்ணெய் இருக்கிறது.

நாங்கள் அடிபட்டது அதற்குப் பிறகு. "48 மணி நேரம் வெளிச்சம் படக் கூடாது" என்றார் செவிலியர். வெயில் என்று நானாகவே புரிந்துகொண்டு, அக்காவுக்குச் சன்ஸ்கிரீனை அப்பி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். மாலைக்குள் நெற்றி வீங்கிக் கொப்புளம் கண்டது. தோலில் மிச்சமிருக்கும் போர்ஃபைரினைத் தூண்டக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும். சாதாரண சன்ஸ்கிரீன் தடுப்பது புற ஊதாக் கதிரைத்தான். கண்ணாடியும் அந்த ஒளியை அப்படியே உள்ளே விடும். கட்டுப் போட்டு மூடுங்கள், திரையை இழுத்துவிடுங்கள், பளீரென்ற விளக்கடியில் உட்காராதீர்கள். அவள் வலியில் முனகிய அந்த இரவை நினைத்தால் இன்றும் என் மேலேயே கோபம் வருகிறது. புரியாததை ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று: நம் நிறத்தவர்களுக்கு இந்தப் புற்று பெரும்பாலும் கருமையாகவே வரும். அந்த நிறமி ஒளியை உள்ளே போகவிடாது. உங்கள் புண் அப்படியிருந்தால், அறுவை சிகிச்சையே மேலா என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்து வரும் இரண்டாம் சுற்றையும், மூன்றாம் மாதப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். அறுவையைவிட ஒளிச் சிகிச்சையில் புற்று திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.